காலை 9 மணிக்கு முகூர்த்தம்... லேப்டாப்பில் கறுப்புத் திரை! முதன்முறை நேரலை செய்பவர்களைத் திணறடிக்கும் ‘ஓ.பி.எஸ்’

மதுரைப் பக்கம் கல்யாணப் பத்திரிகைகளில் சில வருடங்களாகச் சின்னச் சின்னக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இடம்பிடித்திருக்கின்றன. மண்டபத்துக்கு வழிகாட்ட ஒரு கியூஆர் கோடு. வர முடியாதவர்கள் முகூர்த்தத்தை யூடியூபில் பார்க்க இன்னொன்று. 2021 ஜனவரியில் மதுரை ஜோடி ஒன்று, மொய் வைப்பதற்கே கூகுள் பே, போன்பே கியூஆர் கோடுகளைப் பத்திரிகையில் அச்சடித்து நாடு முழுக்கச் செய்தியானது பலருக்கு நினைவிருக்கலாம்.

மொய்க் கட்டம் வேலை செய்யாவிட்டால் பெரிய நஷ்டம் இல்லை. மண்டப வாசலில் நோட்டும் பேனாவும் இருக்கவே இருக்கிறது. நேரலைக் கட்டம் வேலை செய்யாவிட்டால்தான் வம்பு. சிங்கப்பூரில் லீவு கிடைக்காத அண்ணன், துபாயில் இருக்கும் தாய்மாமன், நடமாட முடியாமல் ஊரிலேயே தங்கிவிட்ட அப்பத்தா... எல்லோரும் தாலி கட்டும் அந்த அரை நிமிடத்துக்காகப் போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

வசதியான வீடுகளில் ஸ்டூடியோக்காரர்கள் இதைப் பார்த்துக்கொள்கிறார்கள். மற்ற வீடுகளில் இந்தப் பொறுப்பு, ‘கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைதானே, நீ பண்ணிருப்பா’ என்று யாராவது ஒரு தம்பி தலையிலோ தங்கச்சி தலையிலோ விழும். கல்யாணத்துக்கு முந்தைய நாள் ராத்திரி, பந்தியில் இலை எடுக்கும் நேரத்தில், அந்தப் பிள்ளை லேப்டாப்பைத் திறந்து ஒரு சாஃப்ட்வேரை டவுன்லோடு செய்யும். திறந்ததும் வருவது ஒரு பெரிய கறுப்புக் கட்டம். அதோடு அன்றைய தூக்கம் போச்சு.

ஊரே நேரலை பழகிய வருடம்

மதுரைக்கு ‘நேரலை’ என்ற வார்த்தை வீட்டுக்குள் வந்தது 2020-ல். கொரோனா ஊரடங்கால் அந்த வருடம் சித்திரைத் திருவிழா நடக்கவில்லை. மீனாட்சி திருக்கல்யாணம் மட்டும் மே 4-ம் தேதி, பக்தர்கள் யாரும் இல்லாமல், சில சிவாச்சாரியார்களை மட்டும் வைத்து கோயிலுக்குள் நடந்தது. ஆன்லைனில் ஒளிபரப்பினார்கள். வழக்கமாகக் கோயிலைச் சுற்றி நின்று மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளும் பெண்கள், அன்றைக்கு வீட்டுப் பூஜை அறையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அதைப் பார்த்தபடியே மாற்றிக்கொண்டார்கள்.

அதே மாதங்களில் வீட்டுக் கல்யாணங்களுக்கு 50 பேர்தான் வரலாம் என்று கட்டுப்பாடு. சித்தப்பா, பெரியப்பா வகையறாவைக் கணக்கெடுத்தாலே 50 தாண்டிவிடும் ஊர் இது. மீதிப் பேருக்கு வீடியோதான். இன்னொரு பக்கம் பள்ளிக்கூடம் மூடியிருந்தது. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சியில் 2020 ஜூலை முதல் வகுப்புகள் ஒளிபரப்பாக, தனியார் பள்ளி ஆசிரியர்களும் டியூஷன் டீச்சர்களும் தங்கள் பாடத்தைத் தாங்களே பதிவு செய்ய வேண்டிய நிலை. கரும்பலகையில் இருபது வருடம் கணக்கு போட்டவர்கள், ‘ஸ்கிரீன் ரெக்கார்டு’ என்றால் என்ன என்று பத்தாம் வகுப்புப் படிக்கும் சொந்த மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட காலம் அது.

ஊரடங்கு போய்விட்டது, பழக்கம் தங்கிவிட்டது. கல்யாணம், காதுகுத்து, புதுமனைப் புகுவிழா, கும்பாபிஷேகம், பட்டிமன்றம், கோச்சிங் கிளாஸ் என்று எல்லாவற்றுக்கும் இன்று ஒரு லிங்க் இருக்கிறது.

அதற்கு எதற்கு லேப்டாப், போனிலேயே பண்ணிவிடலாமே என்று தோன்றும். தோன்றித்தான் பலரும் முதல் பள்ளத்தில் விழுகிறார்கள். யூடியூபில் போன் ஆப் வழியாக நேரலை செய்ய, அந்தச் சேனலுக்குக் குறைந்தது 50 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். கல்யாணத்துக்கென்று நேற்று ஆரம்பித்த சேனலுக்கு அப்பா, அம்மா, இரண்டு அத்தை, மூன்று நண்பர்கள்தான் இருப்பார்கள். கம்ப்யூட்டர் வழியாகச் செய்தால் இந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது. அப்படித் தேடிப் போகிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து சேரும் இடம்தான் ஓ.பி.எஸ்.

பெரியகுளத்துக்காரர் இல்லைங்க!

மதுரை, தேனி வட்டாரத்தில் ஓ.பி.எஸ் என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் முன்னாள் முதல்வர்தான். தமிழில் ‘ஓபிஎஸ் பிரச்னை’ என்று தேடினால் கூகுளும் அ.தி.மு.க செய்திகளைத்தான் கொண்டுவந்து கொட்டும். இது வேறு. ‘ஓபன் பிராட்காஸ்டர் சாஃப்ட்வேர்’ என்பதன் சுருக்கம். ஜிம் என்று அழைக்கப்படும் ஹ்யூ பெய்லி என்ற புரோகிராமர் 2012-ல் தொடங்கியது. அவர் வீடியோ கேம் ஆடுபவர். தான் ஆடுவதை மற்றவர்களுக்கு ஒளிபரப்பக் காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்க வேண்டியிருக்கிறதே என்று தானே ஒன்றை எழுதினார். இன்றுவரை இலவசம். வாட்டர்மார்க் கிடையாது, நேரக் கட்டுப்பாடு கிடையாது. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள்.

இலவசம் என்பதாலேயே ஒரு ஆபத்தும் உண்டு. 2023 ஜனவரியில் கூகுள் தேடலில் ஓ.பி.எஸ் பெயரில் போலி விளம்பரங்கள் வந்தன. அதை க்ளிக் செய்து டவுன்லோடு செய்த கிரிப்டோ உலகப் பிரபலம் ஒருவர், தன் டிஜிட்டல் சொத்துகளையும் சமூக வலைதளக் கணக்குகளையும் பறிகொடுத்தார். தேடும்போது மேலே ‘விளம்பரம்’ என்று வருவதைத் தொடாமல், ஓ.பி.எஸ் புராஜெக்ட் டாட் காம் என்ற அதன் சொந்தத் தளத்துக்குப் போவதே நல்லது. யாராவது இதற்குப் பணம் கேட்டால் அது அசல் கிடையாது.

அடுத்தது, லேப்டாப்பின் வயசு. தமிழ்நாடு அரசு 2011-ல் விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. ஆரம்ப வருடங்களில் வந்தவை விண்டோஸ் 7 காலத்து இயந்திரங்கள். அவற்றில் பல இன்னும் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் 2022-ல் வந்த ஓ.பி.எஸ் 28-வது பதிப்பிலிருந்து விண்டோஸ் 7, விண்டோஸ் 8 இரண்டுக்கும் ஆதரவு இல்லை. 32 பிட் விண்டோஸுக்கும் இல்லை. அக்காவின் பழைய ஸ்கூல் லேப்டாப்பில் இன்ஸ்டால் ஆகாமல் மல்லுக்கட்டுபவர்கள் தங்கள் மேல் தப்பு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அதற்காக விண்டோஸைப் புதுசாகப் போடுகிறேன் என்று முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி இறங்குவதும் புத்திசாலித்தனம் கிடையாது. தெரிந்தவர்களிடம் வேறு லேப்டாப் கேட்டு வாங்குவதே மேல்.

அந்தக் கறுப்புத் திரை

சரி, புது லேப்டாப், அசல் சாஃப்ட்வேர். திறந்ததும், ‘ஸ்ட்ரீமிங்கா, ரெக்கார்டிங்கா, எது முக்கியம்?’ என்று ஒரு ஆட்டோ விசார்ட் கேட்கும். பலரும் அவசரத்தில் அதைக் கேன்சல் செய்துவிடுகிறார்கள். செய்யக் கூடாது. உங்கள் லேப்டாப்பின் சக்தியையும் நெட் வேகத்தையும் பார்த்து, அதுவே பாதி செட்டிங்ஸைப் போட்டுவிடும்.

அதன் பிறகும் திரை கறுப்பாகத்தான் இருக்கும். சாஃப்ட்வேர் கெட்டுப்போய்விட்டது என்று அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்பவர்கள் உண்டு. மூன்று முறை இன்ஸ்டால் செய்தாலும் அதே கறுப்புதான். எதைக் காட்ட வேண்டும் என்று இன்னும் யாரும் அதற்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள மதுரைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் பாலர் நாடக சபா தொடங்கிய ஊர் இது. திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்கு ‘சீன்’ தெரியும். பின்னால் அரண்மனை வரைந்த படுதா ஒன்று, காடு வரைந்த படுதா ஒன்று. ராஜா வரும்போது ஒன்றை இறக்குவார்கள், வள்ளி தினைப்புனம் காக்கும்போது இன்னொன்றை. ஓ.பி.எஸ்ஸிலும் ‘சீன்’ என்பது அதேதான். அதன் பக்கத்தில் இருக்கும் ‘சோர்ஸ்’ என்பது மேடைக்கு ஏற்றும் ஆட்களும் பொருட்களும்: கேமரா ஒரு சோர்ஸ், லேப்டாப் திரை ஒரு சோர்ஸ், ‘மணமக்கள் வாழ்க’ என்ற போட்டோ ஒரு சோர்ஸ். புது ஓ.பி.எஸ் என்பது காலி மேடை. சோர்ஸ் பெட்டிக்குக் கீழே இருக்கும் கூட்டல் குறியை அழுத்தி ஆட்களை ஏற்றினால்தான் நாடகம். பட்டியலில் மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும். முழுத் திரைக்கும் ஒரு போட்டோவை மேலே வைத்துவிட்டு, கேமரா வேலை செய்யவில்லை என்று அரை மணி நேரம் தேடுவது முதல் நாளில் சகஜம்.

கூட்டல் குறியை அழுத்தி ‘டிஸ்பிளே கேப்சர்’ கொடுத்த பிறகும் கறுப்பாகவே இருந்தால் மட்டும்தான் அது உண்மையான கோளாறு. இது பெரும்பாலும் ‘கேமிங் லேப்டாப்’ என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு வரும். அந்த லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் சிப் இரண்டு இருக்கும். சாதாரண வேலைக்கு, பேட்டரி மிச்சம் பிடிக்கும் சின்ன சிப். கனமான வேலைக்குத் தனியாக ஒரு பெரிய சிப். திரையில் படத்தைப் போடுவது சின்னது, ஓ.பி.எஸ் ஓடுவது பெரியதில். ஒன்றில் இருக்கும் படத்தை இன்னொன்றில் இருந்து எடுக்கத் தெரியாமல் கறுப்பைக் காட்டுகிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் என்று போய், ஓ.பி.எஸ்ஸைச் சேர்த்து, ‘பவர் சேவிங்’ என்று மாற்றிவிட்டுத் திறந்தால் திரை வந்துவிடும். சோர்ஸை டபுள் க்ளிக் செய்து, ‘கேப்சர் மெத்தட்’ என்ற இடத்தில் விண்டோஸ் 10 என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தாலும் பல லேப்டாப்களில் சரியாகிவிடும். மேக் வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. அங்கே திரையைப் பதிவு செய்ய சிஸ்டம் செட்டிங்ஸில் அனுமதி கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு ஓ.பி.எஸ்ஸை மூடித் திறக்க வேண்டும். மூடாமல் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் வராது.

இதெல்லாம் சரியாக இருந்தும் நெட்ஃப்ளிக்ஸ் படம் மட்டும் கறுப்பாக வருகிறதே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அது வேண்டுமென்றே வைத்திருக்கும் பூட்டு. படத்தைப் பதிவு செய்துவிடக் கூடாது என்பதற்காக.

படம் வந்தது, சத்தம் எங்கே?

திரையைவிட அதிகம் கண்ணீர் வரவழைப்பது சத்தம்தான். ஒரு டீச்சர், ‘எட்டாம் வகுப்பு அறிவியல், பாடம் 3’ என்று 40 நிமிடம் தொண்டை வற்றப் பேசி முடித்து, பிளே செய்து பார்த்தால் உதடு மட்டும் அசைகிறது. இது நடக்காத ஸ்டாஃப் ரூம் எதுவும் தமிழ்நாட்டில் இருக்க வாய்ப்பில்லை.

ஓ.பி.எஸ்ஸின் கீழ்ப்பகுதியில் ‘ஆடியோ மிக்ஸர்’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் ‘டெஸ்க்டாப் ஆடியோ’ என்பது லேப்டாப்புக்குள்ளிருந்து வரும் சத்தம். ‘மைக்’ என்பது நாம் பேசுவது. பேசும்போது மைக் பட்டை ஏறி இறங்க வேண்டும். அசையாமல் இருந்தால், சத்தம் பதிவாகாது என்று ரெக்கார்டிங் ஆரம்பிக்கும் முன்பே தெரிந்துவிடும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். சாதாரணமாகப் பேசும்போது மஞ்சளில் நின்றால் சரி. சிவப்பில் போய் முட்டினால் கேட்பவர்களுக்குக் கரகரவென்று இருக்கும்.

லேப்டாப்பில் காலர் மைக்கைச் செருகியதும், ஓ.பி.எஸ் தானாக அதை எடுத்துக்கொள்ளும் என்று நம்புவதும் முதல் நாள் தவறுகளில் ஒன்று. பல சமயம் அது லேப்டாப்பின் சொந்த மைக்கையே பிடித்துக்கொண்டிருக்கும். மின்விசிறிச் சத்தமும் பக்கத்து வீட்டு மிக்ஸியும் தெளிவாகப் பதிவாக, பேசுகிறவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். செட்டிங்ஸில் ஆடியோ பகுதிக்குப் போய், மைக் பெயரை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கல்யாண வீட்டில் இது இன்னும் சிக்கல். அங்கே மைக்குக்குப் பக்கத்தில் நாகஸ்வரமும் தவிலும். காலையில் ஐயர் மந்திரம் சொல்லும்போது சரியாக வைத்த அளவு, கெட்டிமேளம் கொட்டியதும் சிவப்பைத் தாண்டி எகிறும். வெளிநாட்டில் ஹெட்போன் மாட்டியிருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். மந்திரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே வைத்துவிடுவது நல்லது. மேளத்துக்குச் சரியாக இருக்கும். மந்திரம் லேசாகக் கேட்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

இன்னொன்று, எதிரொலி. எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, அதே லேப்டாப்பில் யூடியூபையும் திறந்து வைப்பார்கள். அந்தச் சத்தம் டெஸ்க்டாப் ஆடியோ வழியாக மறுபடி நேரலைக்குள் போய், சொன்ன மந்திரமே அரை நிமிடம் கழித்து இன்னொரு முறை கேட்கும். சரிபார்க்க வேறு ஒரு போனைப் பயன்படுத்திவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கல்யாணத்தில் டெஸ்க்டாப் ஆடியோவே தேவையில்லை, மியூட் செய்துவிடலாம்.

கரன்ட் போனால் கோப்பும் போகுமா?

பதிவு செய்தவர்களின் அடுத்த புகார், ‘ஃபைலைக் காணோம்’. எங்கும் போயிருக்காது. விண்டோஸில் ‘வீடியோஸ்’ ஃபோல்டரில் தேதியும் நேரமுமே பெயராக உட்கார்ந்திருக்கும். ஃபைல் மெனுவில் ‘ஷோ ரெக்கார்டிங்ஸ்’ கொடுத்தால் நேராக அங்கே கொண்டுபோய் விடும்.

கண்டுபிடித்த பிறகு, ‘எம்.கே.வி’ என்று இருக்கிறதே, வாட்ஸ்அப்பில் போகவில்லையே என்பார்கள். உடனே செட்டிங்ஸில் எம்.பி.4 என்று மாற்றிவிடுவார்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். சாதாரண எம்.பி.4 ஃபைலுக்கு, பதிவு முழுமையாக முடியும்போதுதான் அதன் ‘பொருளடக்கம்’ எழுதப்படும். நடுவில் கரன்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்தால், அதுவரை பதிவான ஒன்றரை மணி நேரமும் திறக்காத ஃபைலாக நிற்கும். எம்.கே.வி-யில் அந்த ஆபத்து இல்லை. அணைந்த நொடி வரை பதிவானது அப்படியே இருக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று பேப்பரில் பட்டியல் பார்க்கும் ஊர்களில் எம்.கே.வி-யே பாதுகாப்பு. முடிந்த பிறகு ஃபைல் மெனுவில் ‘ரீமக்ஸ்’ கொடுத்தால் சில நொடிகளில் எம்.பி.4 ஆகிவிடும், தரமும் குறையாது. சமீபத்திய பதிப்புகளில் ‘ஹைப்ரிட் எம்.பி.4’ என்று ஒன்று வந்திருக்கிறது. அது இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம்: பெயர் எம்.பி.4, கரன்ட் போனாலும் தப்பிக்கும்.

லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்கிறதே, கரன்ட் போனால் என்ன என்று நினைப்பவர்கள், நெட் கொடுக்கும் மோடத்துக்குப் பேட்டரி இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். பதிவு தப்பிக்கும், நேரலை அறுந்துவிடும். மண்டபத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது என்றால், மோடம் இருக்கும் பிளக் அந்த ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா என்று கேட்டுவைப்பது, அடுப்படியில் கேஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சமமான வேலை.

24 மணி நேரம் காத்திருக்க வைக்கும் யூடியூப்

இத்தனையையும் ஜெயித்துவிட்டு, ராத்திரி 11 மணிக்கு யூடியூபைத் திறப்பவர்களுக்குத்தான் பெரிய இடி காத்திருக்கிறது. ஒரு சேனலில் முதன்முறையாக நேரலை வசதியைத் திறக்கும்போது, போன் நம்பரைச் சரிபார்த்த பிறகும், அது செயல்பாட்டுக்கு வர 24 மணி நேரம் வரை ஆகலாம் என்கிறது யூடியூப். யாரைப் பிடித்தாலும் அவசரப்படுத்த முடியாது. காலை 9 மணி முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி 11 மணிக்கு அப்ளை செய்தால், தாலி கட்டி, பந்தி முடிந்து, மறுவீட்டுக்குக் கிளம்பும்போதுதான் அனுமதி வரக்கூடும். இந்த ஒரு வரியைத் தெரிந்துகொண்டு ஒரு வாரம் முன்பே அந்தப் பட்டனை அழுத்தியிருந்தால், பல வீடுகளில் பல சண்டைகள் நடந்திருக்காது. நேரலை செய்யும் கணக்குக்குரியவருக்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற விதியும் 2025 ஜூலை முதல் வந்துவிட்டது. எட்டாம் வகுப்பு படிக்கும் சுட்டிப் பையனின் சேனலில் அக்கா கல்யாணத்தை ஓட்டிவிடலாம் என்ற கணக்கு இனி பலிக்காது.

அனுமதி வந்த பிறகு மூன்று கேள்விகள் வரும். யார் பார்க்கலாம் என்பது முதல் கேள்வி. சொந்தக்காரர்கள் மட்டும்தானே பார்க்கப் போகிறார்கள் என்று ‘பிரைவேட்’ கொடுத்துவிடுவார்கள். பத்திரிகையில் அச்சடித்த லிங்க் ஒருவருக்கும் திறக்காது. ‘அன்லிஸ்டட்’ என்று கொடுத்தால் தேடலில் வராது, லிங்க் இருப்பவர்கள் பார்க்கலாம். அதுதான் கல்யாணத்துக்குச் சரி. குழந்தைகளுக்கான வீடியோவா என்பது இரண்டாவது. மண்டபத்தில் நிறையக் குழந்தைகள் ஓடுகிறார்களே என்று ‘ஆம்’ கொடுத்தால், சாட் வசதி மூடிவிடும். ஆசீர்வாதம் எழுதக் காத்திருக்கும் தாய்மாமனுக்கு எழுத இடமே இருக்காது. மூன்றாவது, ‘ஸ்ட்ரீம் கீ’. இந்த நீளமான எழுத்துச் சரம் வீட்டுச் சாவி மாதிரி. யார் கையில் கிடைத்தாலும் அவர்கள் உங்கள் சேனலில் எதையும் ஒளிபரப்பலாம். உதவி கேட்கிறேன் என்று திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடும்போது பலர் இதையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். 2021-க்குப் பிறகு வந்த ஓ.பி.எஸ்ஸில் யூடியூப் கணக்கை நேரடியாக இணைக்கும் வசதி இருக்கிறது. சாவியைக் கையில் தொடவே வேண்டாம்.

‘ஸ்டார்ட் ஸ்ட்ரீமிங்’ அழுத்திவிட்டு, யூடியூப் ஸ்டூடியோவில் ‘கோ லைவ்’ அழுத்த மறந்துபோய், யாருமே இல்லாத டீக்கடையில் டீ ஆற்றிய கதைகளும் உண்டு. தானாகத் தொடங்கும் ‘ஆட்டோ ஸ்டார்ட்’ இயங்குகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளலாம்.

ஆயிரம் பேர் வந்த பிறகு...

முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்தில் சோதித்துப் பார்த்தபோது நெட் பறந்தது. மறுநாள் காலை அதே இடத்தில், அதே போன் ஹாட்ஸ்பாட்டில், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. காரணம் எளிமையானது. நேற்று மண்டபத்தில் இருந்தது சமையல்காரர்களும் பந்தல்காரர்களும். இன்று ஆயிரம் பேர், ஆயிரம் போன். எல்லோரும் அதே டவரில் ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். முகூர்த்த நாளில் பக்கத்துப் பக்கத்து மண்டபங்கள் எல்லாமே நிறைந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

நெட் வேகம் என்றதும் எல்லோரும் டவுன்லோடு வேகத்தையே பார்க்கிறார்கள். நேரலைக்குத் தேவை அப்லோடு. ஸ்பீடு டெஸ்டில் இரண்டாவதாக வரும் எண். ஓ.பி.எஸ்ஸில் ‘பிட்ரேட்’ 2,500 என்று வைத்தால், நொடிக்கு 2.5 மெகாபிட் தொடர்ந்து மேலே போக வேண்டும். அப்லோடு வேகம் அதைப்போல இரு மடங்காவது இருந்தால்தான் நிம்மதி. இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். அந்த அளவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.1 ஜிபி டேட்டா செலவாகும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பிளான் போட்டிருப்பவருக்கு, மாப்பிள்ளை மேடைக்கு வரும் நேரத்தில் டேட்டா முடிந்திருக்கும்.

ஓ.பி.எஸ்ஸின் வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு நிறம் தெரியும். பச்சையாக இருந்தால் பிரச்னை இல்லை. மஞ்சள், சிவப்பு என்று மாறினால் நெட் திணறுகிறது. பிட்ரேட்டைக் குறைக்க வேண்டும். ‘என்கோடிங் ஓவர்லோடட்’ என்று எழுத்து வந்தால் திணறுவது லேப்டாப். 1080-ஐ 720 ஆக்கினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். அப்பத்தா பார்ப்பது ஆறு அங்குலப் போனில். அவருக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை. படம் அறுந்து அறுந்து வந்தால்தான் தெரியும்.

எல்லாமே சரியாக ஓடினாலும் நேரலை என்பது கொஞ்சம் பழசுதான். மண்டபத்தில் நடப்பது யூடியூப் சர்வருக்குப் போய், பல தரங்களில் மாற்றப்பட்டு, பார்ப்பவர் போனுக்கு வர பத்து நொடி முதல் அரை நிமிடம் வரை ஆகலாம், சில சமயம் அதற்கு மேலும். மண்டபத்தில் இருப்பவர் போனில், ‘தாலி கட்டிட்டாங்க, பாத்தீங்களா?’ என்று கேட்கும்போது, சிங்கப்பூரில் இருப்பவருக்கு மாப்பிள்ளை இன்னும் தாலியைக் கையில்கூட வாங்கியிருக்க மாட்டார். ‘லேட்டன்ஸி’ என்ற இடத்தில் ‘லோ’ என்று மாற்றினால் இந்த இடைவெளி குறையும். ஆனால் நெட் ஆட்டம் காணும் மண்டபத்தில் அதை மாற்றாமல் விடுவதே நல்லது. இடைவெளி குறைந்தால், நெட் தடுமாறும்போது சமாளிக்கக் கிடைக்கும் அவகாசமும் குறையும்.

மேடையில் தாலி ஏறியதும் டிஜே சினிமாப் பாட்டைப் போட்டால் இன்னொரு பிரச்னை. யூடியூப் நேரலையையும் காப்பிரைட்டுக்காகக் கவனிக்கிறது. அடுத்தவர் உரிமையுள்ள பாட்டு தொடர்ந்து ஓடினால், படத்துக்குப் பதில் ஒரு அறிவிப்பு அட்டை வரலாம், நேரலையே துண்டிக்கவும்படலாம். வரவேற்புக்கு மெல்லிசைக் குழு வைத்திருப்பவர்கள் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். நாகஸ்வரக் கலைஞர் மேடையிலேயே வாசிக்கும் கீர்த்தனைக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

போனில் பதிவு செய்பவர்களுக்கு...

லேப்டாப்பே வேண்டாம், பாடம் நடத்தவோ, அம்மாவுக்குக் கரன்ட் பில் கட்டுவது எப்படி என்று காட்டவோ போன் திரையைப் பதிவு செய்தால் போதும் என்பவர்களுக்குத் தனி ஆப் எதுவும் தேவையில்லை. ஐபோனில் 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல், ஆண்ட்ராய்டில் 2020-ல் வந்த 11-வது பதிப்பு முதல், உள்ளேயே ரெக்கார்டர் இருக்கிறது. ஐபோனில் குரல் பதிவாகவில்லை என்று குழம்புபவர்கள், அந்த ரெக்கார்டு பட்டனை ஒரு முறை தட்டாமல் அழுத்திப் பிடித்துப் பார்க்கலாம். மைக் ஆன் செய்யும் பட்டன் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் பதிவு தொடங்கும் முன்பே, போனின் சத்தமா, மைக்கா, இரண்டுமா என்று கேட்கும்.

பதிவு ஓடும்போது மேலே வரும் நோட்டிஃபிகேஷன்களும் சேர்ந்தே பதிவாகும். ஓடிபி, பேங்க் பேலன்ஸ், மாமியாரைப் பற்றி அக்கா அனுப்பிய மெசேஜ், எல்லாமே. ‘டு நாட் டிஸ்டர்ப்’ போட்டுவிட்டுத் தொடங்குவது கௌரவத்துக்கும் பாதுகாப்புக்கும் நல்லது. வங்கி ஆப்கள் பதிவில் கறுப்பாகத் தெரிந்தால் அது கோளாறு கிடையாது. பாதுகாப்புக்காக அவர்களே அப்படி வைத்திருக்கிறார்கள்.

செட்டப் வரவில்லை என்ற எரிச்சலில் இருப்பவர்களைக் குறிவைத்து, ‘உங்கள் திரையைக் காட்டுங்கள், சரிசெய்து தருகிறோம்’ என்று தானாக வரும் போன் அழைப்புகளிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. திரையை அடுத்தவருக்குக் காட்டும் ‘எனிடெஸ்க்’ போன்ற ஆப்கள் வழியாகப் பணம் திருடப்படுவதை ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. அந்த ஆப்களில் தவறு இல்லை. தெரியாதவர் கையில் திரையைக் கொடுப்பதில்தான் ஆபத்து. தெரிந்த பக்கத்து வீட்டுத் தம்பி வந்து உட்கார்ந்து பார்த்தால், ஒரு டம்ளர் காபியோடு முடிந்துவிடும்.

கல்யாணத்துக்குத் தயாராகிறவர்கள் ஒரு வாரம் முன்பே, வீட்டுக் கூடத்தில் ஐந்து நிமிட ஒத்திகை ஒன்றை ‘அன்லிஸ்டட்’ ஆக ஓட்டி, வெளியூரில் இருக்கும் ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம். படம் வருகிறதா என்பதைவிட, சத்தம் கேட்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். மண்டபத்தில் லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டே வைக்க வேண்டும். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நேரலை ஓடும்போதே ‘ஸ்டார்ட் ரெக்கார்டிங்’ பட்டனையும் அழுத்திவிட்டால், நெட் அறுந்தாலும் தாலி கட்டும் காட்சி லேப்டாப்பில் முழுசாக இருக்கும். சாயங்காலம் அதை அனுப்பிக்கொள்ளலாம்.

நேரலை முடிந்ததும் யூடியூபே அதைச் சேனலில் வீடியோவாகச் சேமித்து வைக்கும். ஆனால் அது 12 மணி நேரத்துக்குள் முடிந்த நேரலைகளுக்கு மட்டும். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பில் ஆரம்பித்து, மறுநாள் மதியப் பந்தி வரை ஒரே லிங்க்கில் விட்டுவிட்டால் தானாகச் சேமிக்கப்படாது. ராத்திரி வரவேற்பு முடிந்ததும் ஒருமுறை நிறுத்திவிட்டு, காலை முகூர்த்தத்துக்குப் புதிதாக இன்னொரு நேரலை தொடங்க வேண்டும். அதற்கான லிங்க்கை முன்கூட்டியே ‘ஷெட்யூல்’ செய்து எடுத்து வைத்திருந்தால், பத்திரிகையில் அச்சடிக்க வேண்டியது அந்தக் காலை லிங்க்தான்.